காலஞ்சென்ற கனிசியசுக்கு ஒரு குடும்பப்பெயர்

வெள்ளைச் சேலை உடுத்தினால் செத்தவீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். பட்டு உடுத்தினால், தகப்பன் செத்ததில் இவளுக்கு என்ன இவ்வளவு புளுகமும் சந்தோஷமும் என்று வேலை செய்யும் இடத்துக் குணலட்சுமி மிஸ் நினைப்பா. நாவல் நிறம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆனால் அது போன நத்தார்ப் பண்டிகைக்கு அப்பா எடுத்துத் தந்தது. உயிரோடு இருக்கிற மனிசன் எடுத்துத் தந்த சேலையை உடுத்துக்கொண்டு மேடையில் ஏறி, அவர் செத்துப்போனார் என்று நிற்கலாமா? அதுக்கென்று ஒரு சேலை இந்த அலுமாரியில் இல்லை.

யசிந்தா இப்படி யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில், அன்று பின்னேரம் காலஞ்செல்லவிருந்த அவளுடைய தகப்பன் கனிசியஸ், கிணற்றடியில் சின்னக் கண்ணாடியைச் சாத்திவைத்து முகம் வழித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, என்ரை வெள்ளைச் சேட்டுக்கு ஸ்திரிக்கை போட்டாச்சோ?" என்று அங்கிருந்தபடியே கேட்டார்.

"செத்தவருக்கு என்னத்துக்கு அப்பா சேட்?"

"செத்தவனுக்குத்தானே புதுச் சேட் போடுறது."

யசிந்தா நாவல் நிறச் சேலையையே உருவி எடுத்தாள்.

இந்த நிலைமைக்கு அவள் வந்து சேர்ந்த கதை ஒஸ்லோவில் தொடங்குகிறது.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரை முன்னால் வைத்துக்கொள்வோம். எங்களுக்குப் பிள்ளை பிறந்ததும் எங்கள் பெயர் பிள்ளைக்கு முன்னால் போய் ஏறிக்கொள்ளும். பாட்டன் இறங்கி வழிவிட்டுவிடுவார். பேருந்தில் முன் இருக்கை மாறுவது போலத்தான். ஊருக்குள் இருக்கும்வரைக்கும் இதில் ஒரு கரைச்சலும் இல்லை.

கரவெட்டி ஆழ்வாப்பிள்ளையின் மகன் டினேஸ் நோர்வேக்குப் போன இடத்தில்தான் கரைச்சல் வந்தது. முன்னால் இருந்த ஆழ்வாப்பிள்ளையை அந்த நாட்டுக்காரர் பின்னால் தூக்கிப் போட்டு, அதுதான் குடும்பப்பெயர் என்று எழுதிவிட்டார்கள். டினேசின் மனைவி தர்சினி ஒரே நாளில் திருமதி ஆழ்வாப்பிள்ளையாகி, பத்திரங்களின்படி மாமனாருக்கே பெண்சாதியானா. கரவெட்டியில் எப்போதோ செத்துப்போன கிழவனுக்கு ஒஸ்லோவில் பாடசாலைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் டினேஸ் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் குடும்பப்பெயரின் பொருளைச் சொல்லவேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. பெர்க் என்ற பிள்ளை தன் பெயருக்கு மலை என்று பொருள் சொன்னதாம். டால் என்ற பிள்ளை பள்ளத்தாக்கு என்றதாம். டினேசின் மகன் எழும்பி, "எங்கடை அப்பப்பா" என்று சொல்லிவிட்டு இருந்தானாம். வகுப்பு முழுவதும் சிரித்ததாக அவன் வந்து அழுதான். அந்த அழுகையின் விளைவாக, டினேஸ் அனுப்பிய காசில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியில், கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றின் மேல்மாடியில், 'யாழ்ப்பாணக் குடும்பப்பெயர் மூல ஆய்வு நிலையம்' நிறுவப்பட்டது.

ஏதோ ஒரு திணைக்களத்தில் பெரிய பதவியில் இருந்து இளைப்பாறி, கையெழுத்து வைக்க ஒன்றும் இல்லாமல் வீட்டில் வாடிப்போயிருந்த சண்முகநாதன் அதற்குத் தலைவரானார். இளைப்பாறிய அதிபர் குணலட்சுமி மிஸ் செயலாளரானா. உலகத்துக் குடும்பப்பெயர்களைப் பற்றி வாசித்துச் சொல்ல வெளிநாட்டுப் பாஷை தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். யசிந்தா அதே வீதியில் ஒரு ரியூட்டரியில், ஜேர்மனிக்குக் கலியாணம் முடித்துப் போகவிருந்த பெட்டையளுக்கு ஜேர்மன் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பெட்டையள் சோதனை பாஸ் பண்ணிப் பறந்துவிடுவார்கள். புதிதாகக் கலியாணம் பொருந்தினால்தான் புதிதாக வகுப்பு. யாரோ ஒருவருடைய சாதகம் பொருந்தாமல் போனால் தன் மாதம் பொருந்தாமல் போகிற அந்தச் சீவியம் அவளுக்கு அலுத்திருந்தது. முப்பத்துநாலு வயதில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு நிரந்தர வேலை, அவ்வளவுதான்.

நேர்முகப் பரீட்சையில் அவளிடம் ஜேர்மன் மொழியில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள். திருநெல்வேலியில் பெட்டையளின் தாய்மார் கேட்கும்போது அவள் "டவுன்" என்று சொல்லி நழுவிவிடுவது வழக்கம். அது பொய்யில்லை, ஆனால் உண்மையைவிடக் கொஞ்சம் அகலமானது. இங்கே அது எடுபடவில்லை. டவுனில் எந்தப் பக்கம் என்றா குணலட்சுமி மிஸ். கிட்ட உள்ள கோயில் எது என்றா. தண்ணி எங்கே அள்ளினனீங்கள் என்று கேட்க வாயெடுத்தபோது, யசிந்தா, "குருநகர் மிஸ், அப்பா கடல்தொழிலுக்குப் போறவர்" என்று மிச்சக் கேள்விகளையும் தானே முடித்துவைத்தாள்.

தலைவர் சண்முகநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எதையும் தெளிவாகச் சொல்கிற பிள்ளைகளை அவருக்குப் பிடிக்கும்.

"பிள்ளை ஒண்டையும் பிழையா விளங்கக்கூடாது," என்றார். "இஞ்சை ஒருத்தரும் சாதி பாக்கிறேல்லை. பாக்கிறேல்லை எண்டபடியாலைதான் நாங்கள் அதைக் கேக்கிறதுமில்லை. ஊர் கேப்பம். ஊரிலை எந்தப் பக்கம் எண்டு கேப்பம். கோயில் கேப்பம், கிணறு கேப்பம். அது புவியியல்."

பிறகு தேநீர் வந்தது. அவர்கள் இருவருக்கும் பீங்கான் கோப்பையிலும் யசிந்தாவுக்குக் கடதாசிக் கோப்பையிலும் வந்தது. கொரோனாக் காலத்திலிருந்து சுகாதாரத்தில் தாங்கள் கவனம் என்று குணலட்சுமி மிஸ் விளக்கினா. அதற்குப் பிறகு வந்துபோன விருந்தினர்களை யசிந்தா கவனித்ததில், புவியியலுக்கும் சுகாதாரத்துக்கும் ஏதோ தொடர்பு இருப்பது தெரிந்தது. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கடதாசிக் கோப்பை கழுவ வேண்டியதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் அவள் கவனித்தாள்.

முதல் மாதங்கள் உண்மையிலேயே சந்தோஷமாகப் போயின. யசிந்தா வாசித்து வந்து ஒவ்வொரு செவ்வாயும் சபைக்குச் சொல்லுவாள். போத்துக்கேயர் சிங்களவருக்கு விட்டுப்போன பெரேரா என்றால் பேரிக்காய் மரம் என்று சொன்னபோது, இவ்வளவு காலமும் ஒரு மரத்துக்கா பயந்திருந்தோம் என்று சண்முகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு ஸ்பானிய ஆளுநர், பெயர்ப் புத்தகமொன்றைக் கிழித்து ஊருக்கொரு பக்கமாக அனுப்பி, இதிலிருந்து குடும்பப்பெயர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கட்டளை போட்டாராம். சில ஊர்களில் எல்லாருடைய பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குமாம். அதைக் கேட்டுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். அதுதான் நிர்வாகம் என்றார்.

ஐஸ்லாந்துக்காரர் எங்களைப் போலத்தான், தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொள்வதோடு சரி, பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப்பெயரே இல்லை, அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று யசிந்தா சொன்ன செவ்வாய்க்கிழமை மட்டும் கூட்டம் நேரத்துக்கு முடிந்துவிட்டது. ஐஸ்லாந்து சின்ன இடம், அங்கே ஆளை ஆள் தெரியும், எவடம் என்று கேட்க வேண்டிய அவசியம் வராது என்று சண்முகநாதன் விளக்கமளித்தார்.

சிக்கல் ஜேர்மனியிலிருந்துதான் வந்தது. அங்கே ஷ்மிட் என்றால் கொல்லன், ஷ்னைடர் தையற்காரன், முல்லர் மா அரைக்கிறவன், பிஷர் மீன்பிடிக்கிறவன் என்று யசிந்தா வாசித்தபோது தலைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மந்திரிகளும் பேராசிரியர்களும் இந்தப் பெயர்களோடு வெட்கமில்லாமல் திரிகிறார்களா என்று குணலட்சுமி மிஸ் கேட்டா. திரிகிறார்கள் என்றாள் யசிந்தா. இதே முறையை எங்கள் ஊரிலும் பின்பற்றினால் என்ன நடக்கும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் யோசித்ததும், எல்லாரும் ஒரே நேரத்தில் யோசிப்பதை நிறுத்தியதும் யசிந்தாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அன்றே ஒரு தீர்மானம் நிறைவேறியது. தொழிலிலிருந்து பெயர் பெறும் முறை குளிர்ப்பிரதேசங்களுக்கு உரியது. யாழ்ப்பாணத்தில் குடும்பப்பெயர்கள் பதவியிலிருந்து மட்டுமே தோன்றியிருக்க முடியும்.

அதன்பின் ஆய்வு வேகம் பிடித்தது. ஊரெல்லாம் ஆட்கள் படியேறி வந்து, புவியியல் சொல்லி, கோப்பையில் தேநீர் குடித்து, பெயர் வாங்கிக்கொண்டு போனார்கள். மந்திரிகள் வந்தார்கள், சேனாதிபதிகள் வந்தார்கள், யானைப்பந்தி அதிகாரிகள், பொக்கிசக் காவலர், அரசனுக்கு அந்தரங்க ஆலோசகர் எல்லாரும் வந்தார்கள். ஆறு மாத ஆய்வின் முடிவில், பழைய யாழ்ப்பாண இராச்சியத்தில் படைத்தளபதிகள் நிறையப் பேர் இருந்தும் படையில் ஒருவரும் இருக்கவில்லை என்பது தெரியவந்தது. சோறு சமைத்தவர், உடுப்புத் தோய்த்தவர், மரம் ஏறியவர், மீன் பிடித்தவர் ஒருவரும் அகப்படவில்லை. எல்லாரும் பட்டினி கிடந்து, அழுக்கு உடுப்போடு, இடைவிடாமல் ஆட்சி செய்திருக்கவேண்டும்.

சிறு பிசகுகளும் நடந்தன. தென்மராட்சியில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் வெவ்வேறு நாளில் வந்ததால் அண்ணன் மந்திரி வழியும் தம்பி சேனாதிபதி வழியும் ஆகிவிட்டார்கள். சேனாதிபதி வழியார் அடுத்த கிழமையே மந்திரி வழியாரின் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார். பருத்தித்துறையில் ஒருவர், உயிரோடிருந்த தன் தகப்பனின் பெயரைக் குடும்பப்பெயராகப் பதிந்துவைக்க, தகப்பன் மகனோடு கோபித்துக்கொண்டு படியேறி வந்து, "உவனுக்கு நான் என்ரை பேரைத் தாறேல்லை, திருப்பித் தாங்கோ" என்று நின்றார். சபை கூடிப் பல மணிநேரம் ஆராய்ந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் நம்பத்தக்கவர்கள் அல்ல என்று முடிவாயிற்று. குடும்பப்பெயர் காலஞ்சென்றவர்களிடமிருந்து மட்டுமே பெறப்படலாம், ஏனெனில் அவர்கள் மனம் மாறுவதில்லை என்று விதி எழுதப்பட்டது.

இந்த நேரத்தில்தான் ஜேர்மனியிலிருந்து பெயராய்வுச் சங்கமொன்றின் தலைவி வருகிறார் என்ற செய்தி வந்தது. அவரின் பெயர் பிஷர். அவருக்கு முன்னால், நிலையத்தின் முதலாவது குடும்பப்பெயர் சூட்டுவிழா நடக்கவேண்டும், பெயர் பெறுகிறவர் அந்தப் பெயரின் மூலத்தை ஜேர்மன் மொழியிலேயே எடுத்துச் சொல்லவேண்டும் என்று சண்முகநாதன் தீர்மானித்தார். ஜேர்மன் தெரிந்தவள் நிலையத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

"உமக்குக் குடுக்கிறதிலை இன்னொரு நன்மையும் இருக்கு," என்றார் அவளைக் கூப்பிட்டு இருத்தி. "எங்கடை நிலையம் ஒருத்தரையும் ஒதுக்கிறேல்லை எண்டு உலகத்துக்குத் தெரியவரும். உம்மைப்போல ஒராளுக்கே குடுத்திருக்கிறம் எண்டால், பேந்து ஆர் என்ன கதைக்கிறது?"

பெயர் ஆயத்தமாக இருந்தது. கடலாதிராயர். கடைசி அரசனின் கடற்படைக்கு அதிபதி. இதற்கு ஆதாரம் ஏதும் உண்டா என்று யசிந்தா கேட்டாள்.

"ஆதாரத்தை எல்லாம் போத்துக்கேயர் எரிச்சுப்போட்டாங்கள். எரிஞ்சுபோன ஏட்டிலை இந்தப் பேர் இருக்கேல்லை எண்டு ஆராலை நிறுவ முடியும்?"

அதே மேடையில் நிரந்தர நியமனக் கடிதமும் தரப்படும் என்றார். யசிந்தாவின் மனம் ஒரு துள்ளுத் துள்ளியது. அது துள்ளி முடியுமுன் குணலட்சுமி மிஸ் விதியை நினைவுபடுத்தினா. பெயரைத் தருகிறவர் காலஞ்சென்றவராக இருக்கவேண்டும். யசிந்தாவின் அப்பப்பா சிமியோன் காலஞ்சென்றவர்தான். ஆனால் அவர் சந்தையில் மீன் ஏலம் கூறியவர். குணலட்சுமி மிஸ்ஸே அவரிடம் விளைமீன் வாங்கியிருக்கிறா. அந்தக் குரலை மறந்தவர் பட்டினத்தில் குறைவு. கடற்படை அதிபதியின் வழித்தோன்றல் சீலா மீனுக்கு விலை கூறிக்கொண்டு நின்றார் என்று சொல்ல முடியாது. கனிசியஸ் அப்படியில்லை.

"உங்கடை அப்பாவை இஞ்சாலை ஒருத்தருக்கும் தெரியாது. அது ஒரு பெரிய வசதி," என்றா மிஸ். "விழா முடியுமட்டும் ஆள் காலஞ்சென்றவர். பேந்து அவர் தன்ரை பாட்டிலை இருக்கலாம். நாங்கள் ஒண்டும் செய்யச் சொல்லிக் கேக்கேல்லையே."

யசிந்தா அன்று பின்னேரம் கரைக்குப் போனாள். கனிசியஸ் கவிழ்த்துவைத்த வள்ளத்தின் நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவள் சொல்வதையெல்லாம் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"எப்பவாம் நான் சாகவேணும்?"

"பன்ரெண்டாம் திகதி அப்பா."

"வெள்ளிக்கிழமை. பின்னேரமெண்டால் நல்லது, காலமை தொழில் இருக்கு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "முப்பத்தொராம் நாள் செத்தவீட்டுச் சாப்பாடும் குடுப்பினமோ?"

"பகிடி விடாதேங்கோ அப்பா."

"நான் ஏன் பகிடி விடுறன்? உனக்கு வேலை நிரந்தரமாகுமெண்டால் நான் ரெண்டுதரம் எண்டாலும் சாவன். கடலுக்கு அதிபதி எண்டால், பக்கத்துக் கரையிலை வலை வளைக்கிற லெனாட்டிட்டை கடலுக்கு வாடகை கேக்கலாமோ எண்டு அந்த மிஸ்ஸிட்டை ஒருக்கா கேட்டுச் சொல்லு."

அப்பா மறுத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு எழும்பிப் போயிருந்தால் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு அவளும் மறுத்திருப்பாள். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தது அவளைத் தனியே விட்டுவிட்டது. அதைவிட, அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கண்ணாடியில் 'யசிந்தா கடலாதிராயர்' என்று சொல்லிப் பார்த்தாள். தோள் தானாகவே கொஞ்சம் நிமிர்ந்தது. நிமிர்ந்த தோளைப் பார்த்து அவளுக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்த பிறகும் இன்னொருதரம் சொல்லிப் பார்த்தாள்.

'காலஞ்சென்ற' என்ற சொல்தான் இடறியது. போன வருடத்துக்கு முந்தின வருடம் அம்மா போனபோது அந்தச் சொல்லை அவள்தான் எல்லாருக்கும் சொன்னாள். முதலில் ஸ்ருட்கார்ட்டில் இருக்கும் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது வாய் திறக்கவே இல்லை. பிறகு சுவாமியாருக்கு, கிராம சேவையாளருக்கு, வங்கிக்கு என்று சொல்லச் சொல்ல நாக்கு பழகிவிட்டது. கடைசியில் சாப்பிட்டாச்சு என்பது போல அம்மா காலமாகிவிட்டா என்று அவளால் சொல்ல முடிந்தது. அப்படி முடிந்த அன்றுதான் அம்மா உண்மையில் இல்லாமல் போனா என்று அவளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. யாரிடமும் சொல்லாத எண்ணம். இது வெறும் விழா, ஒரு பின்னேரம்தானே என்று அவள் அதை ஒதுக்கி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேல்மாடி மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் ஒரு பக்கம் குத்துவிளக்கு, மறுபக்கம் ஒரு கதிரையில் கனிசியசின் பெரிதாக்கப்பட்ட படம். சொந்தக்காரப் பெடியன் ஒருவனின் கலியாணத்தில் எடுத்தது. மீசையை முறுக்கிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். மல்லிகைப்பூ மாலை போட்டு, கீழே 'காலஞ்சென்ற கனிசியஸ் கடலாதிராயர்' என்று பொன்னிறத்தில் எழுதியிருந்தது.

அசல் கனிசியஸ் வெள்ளைச் சேட்டோடு மூன்றாம் வரிசையில் இருந்தார். வரவேண்டாம் என்று மகள் எவ்வளவோ சொல்லியும், தன் காரியத்துக்குத் தானே போகாமல் விட்டால் சனம் என்ன சொல்லும் என்று வந்துவிட்டார். வாசலில் கொடுத்த சிற்றுண்டிப் பெட்டியில் இருந்த ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு, தன் படத்தைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிட மௌன அஞ்சலிக்கு எல்லாரும் எழும்பினார்கள். கனிசியசும் ரோல்ஸைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழும்பி, கைகளைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றார். அந்த மண்டபத்தில் அவரைப்போல பயபக்தியாக ஒருவரும் நிற்கவில்லை. மேடையில் நின்ற யசிந்தா சிரிப்பு வராமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். துக்கம் தாங்காமல் கடிக்கிறாள் என்று முன்வரிசையில் ஒரு மனிசி கண்ணைத் துடைத்தா.

சண்முகநாதன் பேசினார். பெயர் என்பது வேர் என்றார், வேர் என்பது ஆழம் என்றார், ஆழம் என்பது எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்றார். "எங்கடை நிலையத்துக்கு எல்லாரும் சமம்," என்று குரலை உயர்த்தினார். "ஆரெண்டு விசாரிச்சுப் பாத்த பிறகு எல்லாரையும் நாங்கள் சமமாத்தான் நடத்துறம்." மண்டபம் கைதட்டியது.

பிறகு பிஷர் அம்மா எழும்பினார். வெயிலில் சிவந்துபோன, கலகலப்பான, பருத்த மனிசி. அவர் ஜேர்மன் மொழியில் சொல்லச் சொல்ல யசிந்தா ஒலிவாங்கியில் தமிழில் சொன்னாள். தன் பாட்டன்மார் ஒரு ஆற்றில் விலாங்கு பிடித்து விற்றவர்கள், வீடு முழுக்க மீன் நாற்றம், அதனால்தான் தனக்கு இந்தப் பெயர் என்று பிஷர் அம்மா சொல்லிச் சிரித்தார். யசிந்தா வாயெடுக்குமுன் தலைவர் அவளின் காதுக்குள் குனிந்து, "நீர்நிலைகளுக்கு அதிகாரியா இருந்தவையள் எண்டு சொல்லும்," என்றார்.

யசிந்தா திரும்பிப் பார்த்தாள். தலைவரின் கையில் நியமனக் கடிதம் நீல உறையில் இருந்தது. பிஷர் அம்மாவின் பாட்டன்மாரை அவளுக்குத் தெரியாது. "அம்மையாரின் முன்னோர் ஆற்றங்கரையில் அதிகாரம் செலுத்தியவர்கள்" என்றாள். மண்டபம் பலமாகக் கைதட்டியது. தன் பகிடி எடுபட்டதாக நினைத்து பிஷர் அம்மா மகிழ்ந்துபோனார். ஒரு பொய் எவ்வளவு வழுவழுப்பாக வெளியே வந்தது என்று யசிந்தா வியந்தாள். எல்லாருக்கும் சந்தோஷம், ஒருவருக்கும் காயமில்லை.

பெயர் சூட்டும் நேரம் வந்தது. குணலட்சுமி மிஸ் வெள்ளித் தட்டில் பதக்கத்தை ஏந்திக்கொண்டு வந்தா. பிஷர் அம்மாதான் அதை யசிந்தாவின் சேலையில் குத்தவேண்டும். அவர் பதக்கத்தைக் கையில் எடுத்தவர், மாலை போட்ட படத்தைப் பார்த்தார். அதிலேயே கொஞ்ச நேரம் பார்வை நின்றது. பிறகு மண்டபத்தைப் பார்த்தார். மூன்றாம் வரிசையில் ஒருவர் இரண்டாவது ரோல்ஸோடு இருந்தார். அதே மீசை.

பிஷர் அம்மா யசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். உன் தகப்பன் இறந்துவிட்டார் என்று அறிந்து கவலைப்படுகிறேன். அங்கே இருக்கிறவர் அவரைப்போலவே இருக்கிறாரே, அவர் உனக்கு யார்?

"என்ன கேக்கிறா?" என்றார் தலைவர்.

யசிந்தா சொன்னாள். சண்முகநாதன் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். அவருக்கு நிலைமை விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. இப்படிப்பட்டவற்றைச் சமாளித்துத்தான் அவர் பெரிய பதவிவரைக்கும் போயிருந்தார்.

"சித்தப்பா எண்டு சொல்லும்."

யசிந்தா அப்பாவைப் பார்த்தாள். மேடையில் என்ன நடக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டிருந்தது. எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பது கண்டு, மீசையில் ஒட்டியிருந்த ரோல்ஸ் தூளைத் தட்டிவிட்டு, தான் கனிசியஸ் இல்லாத யாராகவோ தோன்றுவதற்கு அவர் முயன்றுகொண்டிருந்தார். எப்படி அது என்று தெரியாமல் சும்மா கூரையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, சொல்லு, சொல்லு, என்ன வேணுமெண்டாலும் சொல்லு என்று தலையை ஆட்டினார்.

ஒரே ஒரு சொல். ஒன்கெல், சித்தப்பா. முதலாம் பாடத்திலேயே வருகிற சொல், எத்தனையோ மணப்பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்தது. நாக்கு அதைச் சொல்ல ஆயத்தமாக இருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. இன்றைக்குப் பிஷர் அம்மாவுக்குச் சொன்னால் நாளைக்குப் பத்திரிகைக்காரருக்குச் சொல்லவேண்டும். பிறகு நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு, நேர்முகம் கேட்கிறவர்களுக்கு. சொல்லச் சொல்லச் சுலபமாகும். நிரந்தர வேலை, நிரந்தரமாகச் சொல்லவேண்டும். ஒருநாள் சந்தையடியில் அப்பாவோடு நடந்துபோகும்போது யாராவது மறித்துக் கேட்டால், நினைக்காமலே அது வாயிலிருந்து வழுக்கி விழும். அப்பாவும் பக்கத்தில் நின்று சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

அவள் ஒலிவாங்கியை, கீச்சிடாதபடி மெதுவாக மேசையில் வைத்தாள். பிஷர் அம்மாவின் கையில் இருந்த பதக்கத்தை வாங்கி, குணலட்சுமி மிஸ்ஸின் வெள்ளித் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"பிள்ளை," என்றார் சண்முகநாதன், சபையைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல். "கடிதம் என்ரை கையிலை இருக்கு."

"ஓம் சேர், தெரியும்," என்றாள் யசிந்தா. "அவரைச் சித்தப்பா எண்டு நான் சொல்லமாட்டன்."